திம்மப்பனின் வலது கை

ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டியவன் அழகர்சாமி, மதுரைப் பக்கத்துக்காரன். கம்பெனியின் தீயணைப்புக் குழுவுக்குத் தானாகவே பேர் கொடுத்திருந்தான். மொத்தம் ஆறு பேர். மாதம் ஒரு சனிக்கிழமை பயிற்சி. தண்ணீர்க் குழாயை இரண்டிரண்டு பேராகப் பிடிக்க வேண்டும். முன்னால் நிற்பவன் நெருப்பைப் பார்ப்பான். பின்னால் நிற்பவன் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, இடது கையை முன்னவன் முதுகில் வைத்திருப்பான். பின்வாங்க வேண்டுமானால் முதுகில் இரண்டு தட்டு. தட்டாமல் யாரும் விலகக் கூடாது.

1986 சித்திரையில் பெயிண்ட் ஷெட் பற்றிக்கொண்டது. முன்னால் நின்றவர் திம்மப்பன், தளிப் பக்கத்து ஆள், பத்து வயது மூத்தவர். பின்னால் அழகர்சாமி. பெயிண்ட் கரைக்கும் தின்னர் டிரம் வெடித்ததும் அழகர்சாமியின் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. தட்டவில்லை, ஓடினான். தாங்க ஆளில்லாத குழாய் திமிறி, திம்மப்பனை எரிகிற இரும்புச் சட்டத்தின்மேல் தள்ளியது. வலது கை வெந்துபோனது.

புகையில் யாரும் பார்க்கவில்லை. கம்பெனி ஆறு பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் குடம் கொடுத்தது. "நெருப்புல நின்னு வாங்குனது" என்று அவன் மனைவி ஜெயமணி தெருக்குழாயடியில் சொல்லிச் சொல்லித் தண்ணீர் பிடித்தாள். அந்தக் குடத்துத் தண்ணீரை அவன் குடிக்கவில்லை. வெல்டிங் பொறி தெறித்தாலே வேர்த்தது. பயிற்சி நாளில் வயிற்றுவலி என்று லீவு போட்டான். ஐந்து மாதமாகத் திம்மப்பனைப் போய்ப் பார்க்கவும் இல்லை.

"உன்னத்தான்யா கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று குழுத்தலைவர் சின்னராஜ் சொன்ன பிறகுதான், ஒரு ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்குப் போனான்.

திம்மப்பன் இடது கையால் ராகிக் களியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் தட்டை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"வாப்பா மதுர. வழி தெரிஞ்சுதா?"

"அண்ணே, அன்னிக்கி நான்..."

"கைய எடுத்துட்ட. என் முதுகுக்குத் தெரியாதா?"

"நீங்க யாருகிட்டயும் சொல்லலையேண்ணே."

"சொன்னா? உன் குடத்தப் புடுங்கி எனக்குக் குடுப்பாங்களா? எனக்குந்தான் ஒண்ணு இருக்குதே." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஓடுனதுக்கு உன்னத் திட்டலப்பா. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, நீ வருவேன்னு தெனம் வாசலப் பாத்தேன் பாரு, அதுக்குத்தான் திட்டினேன். கண்ண மூடினா நெருப்பு. ரங்கம்மாகிட்ட சொன்னா அழுவறா. வேற யாருகிட்டப் பேசறது? கூட நின்னவன் நீ ஒருத்தன்தான்."

ஓடியதுதான் தன் குற்றம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான் அழகர்சாமி. இப்போது தலை இன்னும் கீழே போனது.

திம்மப்பனின் மனைவி ரங்கம்மா அவனுக்கும் ஒரு தட்டில் களி வைத்தாள். அவன் மென்றான்.

"மெல்லாத, முழுங்கு" என்றார் திம்மப்பன். மறைத்த தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "சத்தத்துக்கு அப்புறம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எத்தன டிரம் வெடிச்சுது? நீ சொல்லு."

அழகர்சாமி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் காதுல விழுந்தது ஒண்ணுதாண்ணே. ரெண்டாவது வெடிச்சிருந்தா, அப்ப நான் அங்க இல்ல."