தோ பாயோவில் ஓர் இமயமலைக் கொலு

சிங்கப்பூரில் உட்கார்ந்து கம்பளிக் குல்லா பின்னுகிற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்யும். வடிவேலுவைப் பற்றி அந்தச் சந்தேகம் தோ பாயோவில் அவர் இருந்த அடுக்குமாடி புளோக்கில் பாதிப் பேருக்கு இருந்தது. மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க, பனியனோடு சோபாவில் சாய்ந்து, கழுத்தில் வியர்வை வழிய வழிய அவர் மப்ளர் பின்னிக்கொண்டிருப்பார். நடைபாதையில் போகிறவர்கள் கம்பிக் கதவு வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அவரும் கையை ஆட்டுவார்.

பைத்தியமெல்லாம் இல்லை. ஜூரோங்கில் உறைந்த மீன் வைக்கிற குளிர்க் கிடங்கில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே மூச்சு புகையாக வரும். அங்கே கொடுத்த குல்லா காதை மூடவில்லை என்று கோபம் வந்து, யூடியூப் பார்த்துத் தானே ஒன்று பின்னிப் போட்டுக்கொண்டு போனார். கூட வேலை பார்த்த முகமது இஸ்மாயில் தனக்கும் ஒன்று கேட்டார். பிறகு கிடங்கு முழுக்க வடிவேலு குல்லாதான். ஓய்வு பெற்றபோது குளிர் விட்டது, கை விடவில்லை. குல்லாவிலிருந்து பொம்மைக்குத் தாவினார். ஜாலான் புசாரில் ஒரு பழைய கடையில் நூல் உருண்டைகளைப் பை நிறைய வாங்கி வந்து, கொக்கி ஊசியால் யானை, முயல், தீபாவளித் தோரணம் என்று பின்னித் தள்ளினார்.

இதுவரைக்கும் நல்ல மனிதர் போலத்தான் தெரியும். ஆனால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது அவரைச் சீண்டிவிட்டால் திருப்பிப் பேச மாட்டார். வீட்டுக்கு வந்து அவர்களைப் பொம்மையாகப் பின்னிவிடுவார். ஈரத்துணியைப் பிழியாமல் காயப்போட்டு இவர் ஜன்னலில் சொட்டச் சொட்ட விட்ட மேல்மாடிக்காரர், எட்டுக் காலும் தொங்குகிற ஆக்டோபஸ் ஆனார். அதை அந்த ஆளின் பிள்ளைக்கே பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார் வடிவேலு. மேல்மாடிக்காரர் உருகிப்போய் நன்றி சொன்னார். பழைய சூப்பர்வைசர் ஒருவர் தீபாவளித் தோரணத்தில் கிளியாக இன்னும் தொங்குகிறார். அடி வாங்காமல் பழி வாங்க இதைவிட நல்ல வழி உண்டா என்பது வடிவேலுவின் கட்சி.

"ஒருநாள் நல்லா மாட்டப் போறீங்க," என்பாள் மனைவி மங்களம்.

மாட்டினார். மாட்ட வைத்தவர் பாப்பம்மாள்.

மகள் வைஷாலி காதலித்த பையன் நிதீஷ். அவனுடைய அம்மா பாப்பம்மாள், கிளமெண்டியில் இருப்பவர். கணவர் இறந்த பிறகு கணினி சிப் தயாரிக்கிற தொழிற்சாலையில் வேலைக்குப் போய்ப் பையனைத் தனியாளாக ஆளாக்கியவர். அங்கே அவருக்கு என்ன வேலை தெரியுமா? வரிசையாக வருகிற சாமானில் எது கோளாறு என்று பார்த்துத் தூக்கி எறிகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. "அம்மா சரின்னு சொன்னாத்தான் கல்யாணம்," என்று நிதீஷ் சொல்லிவிட்டான். வைஷாலியும் அதையேதான் சொன்னாள்.

இரு வீட்டாரும் முதன்முதலில் சிராங்கூன் சாலையில் ஒரு சைவ உணவகத்தில் சந்தித்தார்கள். வடிவேலு வெறுங்கையோடு போகவில்லை. பஸ்ஸிலும் தியேட்டரிலும் ஏசி குளிருக்குப் போர்த்திக்கொள்ளட்டும் என்று, மாம்பழ நிறத்தில் ஒரு சால்வை பின்னிக் கொண்டுபோனார். பாப்பம்மாள் அதை வாங்கினார். எல்லோரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள், அவர் உடனே புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"டிசைன் ஓகே. பின்னாடி முடிச்செல்லாம் தெரியுது பாருங்க. ஆம்பளைங்க செஞ்சா ஃபினிஷிங் வராது லா."

"கல்யாணத்தைப் பத்தி..." என்று மங்களம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று தோசையைப் புரட்டிப் பார்த்தார் பாப்பம்மாள்.

வடிவேலு தன் தோசையைச் சாப்பிட்டு முடித்தார். சிரித்த முகமாகவே வீட்டுக்கு வந்தார். வைஷாலி அன்றைக்கு எடுத்த செல்ஃபியைக் கைப்பேசியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஊசியை எடுத்தார். உச்சியில் இறுக்கிய கொண்டை. மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. எலுமிச்சையைக் கடித்தாற்போலக் கோணிய வாய். கன்னத்தில் மச்சம், மூக்கில் மூக்குத்தி, தோளில் கைப்பை. கையில் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்து, அதை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பதுபோலத் தைத்தார். பின்னி முடித்ததும் தனியே உட்கார்ந்து சிரித்தார்.

அந்த வருடம் நவராத்திரிக்கு மங்களம் கொலுவை முழுக்க அவர் பொம்மைகளாலேயே வைத்தாள். சென்னையிலிருந்து வரவழைத்த மண் பொம்மைகள் பெட்டிக்குள்ளேயே தூளாகிப்போயிருந்தன. கம்பளிப் பிள்ளையார், கம்பளிக் கிருஷ்ணர், கம்பளி வாத்தியக்காரர்கள். கீழ்ப்படியில் பருப்பும் அரிசியும் காய்கறியும் பரப்பிக்கொண்டு செட்டியார் கடை. கலசம் வைக்க மங்களம் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, வடிவேலு கடை முன்னால் ஒரு வாடிக்கையாளரை நைசாக நிறுத்திவிட்டார். மங்களம் வந்தாள், கடைக்கு யாரோ வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஆரத்தி காட்டினாள்.

இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு வைஷாலிக்குப் போன் வந்தது.

"அம்மா! நிதீஷ் அம்மா சனிக்கிழம கொலு பாக்க வராங்களாம். அன்னைக்கே முடிவு சொல்லிருவாங்களாம்!"

மங்களத்துக்குத் தலைகால் புரியவில்லை. வைஷாலி துள்ளிக்கொண்டு கொலுவைப் படமெடுக்கப் போனவள், கீழ்ப்படிக்கு வந்ததும் அப்படியே நின்றாள்.

"அப்பா. இது அவங்கதானே?"

வடிவேலு நூலுருண்டையைத் தேடுவதுபோலச் சோபாவுக்கு அடியில் குனிந்தார். மங்களம் வந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். மச்சத்தைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாவி மனுஷா! பெத்த பொண்ணு வாழ்க்கையில வெளையாடுவீங்களா?"

"இப்ப என்ன, எடுத்து அலமாரியில போட்டா முடிஞ்சுது," என்று வடிவேலு கையை நீட்டினார். மங்களம் அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். ஆரத்தி காட்டிய கொலுவில் விஜயதசமி வரைக்கும் ஒரு பொம்மையையும் நகர்த்தக் கூடாது. அவள் அம்மா வீட்டில் நகர்த்தியதில்லை, அவளும் நகர்த்தியதில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் அதைச் செய்து அம்பாள் கோபத்தையும் வாங்கிக்கொள்ள அவள் தயாராக இல்லை.

"திருப்பி வெக்கலாமா?" என்றார்.

"நகத்தக் கூடாதுன்னா திருப்பவும் கூடாது."

"துணி போட்டு மூடினா?"

"அம்பாள் கொலுவுல ஒரு பொம்மைய மட்டும் மூடி வெப்பீங்களா?"

"ஏதாச்சும் போட்டுவிடலாமா? நகை நட்டு மாதிரி?"

மங்களம் யோசித்தாள். அம்மனுக்குத் தினம் அலங்காரம் செய்கிறோம், பூ வைக்கிறோம். எடுக்கத்தான் கூடாது, போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. "போடலாம்," என்றாள்.

வடிவேலு கொலு முன்னால் முழங்காலிட்டார். பொம்மை ஒரு நூல் அளவுகூட நகராமல், நின்ற இடத்திலேயே அதைச் சுற்றிப் பின்னினார். கைப்பையை மறைக்க ஸ்வெட்டர், கோணிய வாயை மறைக்க மப்ளர், கொண்டையும் மச்சமும் மறையக் குரங்குக் குல்லா. கடைசியில் கண்ணாடியும் கத்தரிக்காயும்தான் வெளியே தெரிந்தன.

வைஷாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, எல்லாரும் வேட்டி சேலையில இருக்காங்க, இவங்க மட்டும் மங்கி கேப்ல காய் வாங்குறாங்க. இதத்தான் ஃபர்ஸ்ட்டு பாப்பாங்க!"

உண்மைதான். மறைக்கப் போட்ட குல்லாவே கூப்பிட்டுக் காட்டியது. வடிவேலுவுக்கு முழி பிதுங்கியது. ஆனால் குறும்பு செய்கிற மூளை தப்பிக்கவும் வழி தேடும்.

"அப்ப எல்லாருக்கும் குல்லா போட்டுருவோம்," என்றார்.

வீடு இரண்டுபட்டது. செட்டியாருக்குக் குல்லா, செட்டியாரம்மாவுக்குச் சால்வை. தவில்காரருக்குக் கையுறை. கிருஷ்ணருக்கு மயிற்பீலி குத்த ஓட்டை வைத்த குல்லா. பிள்ளையார் தும்பிக்கைக்கு நீள உறை. ஊசியே தொட்டிராத மங்களம் திட்டிக்கொண்டே மப்ளர் பின்னினாள். வைஷாலி வேலை முடிந்து வந்து குஞ்சம் கட்டினாள். படிகளில் பொம்மைக்கு அடைக்கிற பஞ்சைப் பனிபோலப் பரப்பினார்கள். கேட்பவர்களுக்கு, "அம்பாள் பொறந்த வீடு இமயமலைதானே," என்று சொல்லவேண்டும் என ஏற்பாடு. மங்களத்துக்கே அந்தப் பதில் பிடித்துப்போனது. பொருத்தமாக இருக்கட்டும் என்று வடிவேலு ஏசியையும் குளிரக் குளிர வைத்தார். அக்கம்பக்கமெல்லாம் வந்து பார்த்து மெச்சியது. எதிர்வீட்டு முனீரா தன் கைப்பேசியில் எல்லோருக்கும் படம் அனுப்பினார். வடிவேலுவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

சனிக்கிழமை பாப்பம்மாள் மகனோடு வந்தார். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவர், "என்னா இவ்ளோ கூலா இருக்கு!" என்று கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து மாம்பழ நிறச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"டெய்லி எடுத்துட்டுப் போறேன்," என்றார் வடிவேலுவிடம். "முடிச்ச மட்டும் நானே உள்ள தள்ளித் தெச்சுட்டேன். நல்ல வார்ம், தேங்க்ஸ் அண்ணே."

வடிவேலுவுக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. பார்க்காதே அம்மா, தயவுசெய்து சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் போ என்று மனசுக்குள் கெஞ்சினார்.

பாப்பம்மாளாவது பார்க்காமல் போவதாவது! மேல்படியிலிருந்து ஒவ்வொன்றாக, தொழிற்சாலையில் பார்த்த அதே ஒழுங்கில் பார்த்துக்கொண்டு வந்தார். தும்பிக்கை உறைக்குத் தலையாட்டினார். செட்டியார் கடைக்கு வந்தார். குனிந்தார். எல்லாப் பொம்மைக்கும் முகம் தெரிகிறது, இவளுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? கோளாறு தேடிப் பழகிய விரல் தானாக நீண்டது. பொம்மையை நகர்த்தாமல், குல்லா விளிம்பை நகத்தால் தூக்கினார். மப்ளரைக் கீழே இறக்கினார்.

மங்களம் கண்ணை மூடிக்கொண்டாள். நிதீஷ் சுவரைப் பார்த்தான். வைஷாலி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாப்பம்மாள் நிமிரவே இல்லை.

"மூக்குத்தி தப்பு," என்றார் கடைசியில். "எனக்கு ரைட் சைடு. நீங்க லெஃப்ட்ல வெச்சிருக்கீங்க."

செல்ஃபியில் இடம் வலம் மாறியிருந்தது வடிவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றார். கையைக் கூப்பினார். "அன்னைக்குக் கோவத்துல செஞ்சுட்டேன். எம்மேல இருக்குற கோவத்த எம்பொண்ணு மேல காட்டிறாதீங்க."

பாப்பம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. உதடு மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் பொம்மையின் வாய்போலவே கோணியது.

"எங்க வீட்டுக்காரர் போனப்புறம் என் மூஞ்சிய யாரு அண்ணே இவ்வளவு உத்துப் பாத்தாங்க? மச்சத்தக்கூட விடலையே நீங்க." பொம்மையின் மப்ளரைப் பழையபடி ஏற்றி, குல்லாவை இழுத்துச் சரிசெய்தார். "அடுத்த வருஷம் கொலு எங்க வீட்ல. மருமக வந்து வெக்கட்டும். இந்தக் கத்தரிக்காய எனக்கு விக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும், உங்களையே பின்னிக் குடுங்க."

மங்களம் கண்ணைத் திறந்தாள். மருமகள் என்ற சொல் அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. வைஷாலி ஓடிப்போய் பாப்பம்மாளைக் கட்டிக்கொண்டாள். வடிவேலுவுக்கு உயிர் திரும்பி வந்தது, கூடவே பழைய குறும்பும்.

"அச்சு அசலா என்னை மாதிரியே பின்னித் தரேம்மா," என்றார்.

"பின்னுங்க. தொப்பை, வழுக்கை ஒண்ணையும் விடாதீங்க, நான் செக் பண்ணுவேன்," என்றார் சம்பந்தியம்மாள். "வாய் மட்டும் வெக்காதீங்க. அப்பத்தான் நான் கேக்குற வெலைக்குக் குடுப்பீங்க."

பதில் சொல்ல வடிவேலு வாயைத் திறந்தார். மங்களம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு, சுண்டல் எடுத்துவர உள்ளே போனார்.