மடியில் வந்த பை: ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

தோஹாவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். விடுமுறைக்கு வந்தால் சென்னையோடு திரும்பிவிடுவதே வழக்கம். கடந்த ஜூலையில், முன்பு என்னோடு நிருபராக இருந்த நண்பர் ராஜபாளையத்தில் மகள் திருமணத்தை வைத்திருந்தார். முதல் நாள் திருமணம், மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இரண்டு நாள் ஒதுக்கினேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரமும் கட்டணமும் குறித்துவைத்தேன்.

எழும்பூரிலிருந்து இரவு ரயில். காலை 6.10க்கு ராஜபாளையம். ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் மேற்கில் மலை, அதன் பாதியை மூடிய மேகம், குளிர்ந்த காற்று. லாட்ஜுக்கு ஆட்டோ 80 ரூபாய். ஓட்டுநர் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, ஒருவரிடம் தெலுங்கிலும் இன்னொருவரிடம் தமிழிலும் பேசிவிட்டு வந்தார். எனக்கும் அவசரமில்லை.

வெளிநாட்டில் வெகுகாலம் இருந்தவன் கண்ணில் சின்ன விஷயங்கள்தான் முதலில் படும். டீக்கடையில் வரிசை இல்லை. ஆனால் யாருக்கு முன் யார் வந்தார் என்பது டீ போடுகிறவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துப் பழக்கடையில், அந்த ஊருக்குப் பேர்போன சப்பட்டை மாம்பழம் ஒரு கிலோ கேட்டேன். "இன்னைக்குத் திங்கவா, நாளைக்குத் திங்கவா?" என்று கேட்டார் கடைக்கார அம்மா. இரண்டும் என்றேன். பாதி பாதியாகப் பொறுக்கி, நாளைக்குரியதைத் தனியாகக் கட்டித் தந்தார்.

மறுநாள் காலை புதிய பேருந்து நிலையத்தில் 10.35க்குப் புறப்படும் மதுரை வண்டியில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர், டிக்கெட் 12 ரூபாய். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் கிடைத்தது. உட்கார்ந்ததும் வெளியிலிருந்து ஒரு துணிப்பை ஜன்னல் வழியாக மடிக்கு வந்தது. கீழே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

"சார், இதைப் பக்கத்துல போட்டு வைங்க. ரெண்டு பேரு வாறோம்," என்றார். நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்.

இடம் பிடிக்கும் இந்த வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தேன். வந்து கேட்ட எல்லோரிடமும் "ஆள் வருது" என்றேன். பெரியவர்கள் இருவர் நின்றுகொண்டே வந்தார்கள். வண்டி கிளம்பி ஊரைத் தாண்டிய பிறகும் யாரும் வரவில்லை. பின்வாசல் வழியாக ஏறி, கூட்டத்தில் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

பைக்குள் போன் அடித்தது. அடுத்தவர் பையைத் திறக்கக் கை வரவில்லை. தோஹாவில் என்றால் தொடாமல் காவலரைக் கூப்பிட்டிருப்பேன். போன் நின்று மறுபடி அடித்தது. அருகில் நின்ற, பக்கத்து ஊரான சேத்தூருக்கு டிக்கெட் எடுக்காமல் அங்கிருந்தே வருவதாகச் சொல்லியிருந்த சேத்தூர்க்காரர், வேட்டியை மடித்துக் கட்டியவர், குனிந்து சொன்னார்: "எடுங்க சார். பூராப் பேரையும் நிக்க வச்சுட்டு பையை மட்டும் உக்கார வச்சிருக்கீயள்லா, அதுக்காவது எடுங்க."

எடுத்தேன். அழுகை முட்டும் ஓர் இளம்பெண்ணின் குரல். தண்ணீர் பாட்டில் வாங்கப் போன மகளைத் தாய் தேடிப் போன நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. தாய் போனை வாங்கினார்.

"சார், ஊதாச் சட்டை சார்தான? புள்ளை சர்டிபிகேட்டு பூரா அதுலதான் இருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல ஒரிஜினலைக் காட்டணும். இல்லைன்னா சீட்டை வேற புள்ளைக்குக் குடுத்துருவாவளாம்."

மணி 10.52. அடுத்த வண்டியில் அவர்கள் அப்போதுதான் ஏறியிருந்தார்கள். கிருஷ்ணன்கோவில் அதே மதுரை சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி இருக்கிறது.

நடத்துநரைக் கூப்பிட்டேன். அவரைத் தெரிந்த சேத்தூர்க்காரர் முந்திக்கொண்டார்: "ஏலே, வண்டியைத் திருப்புவமா?"

"பைக்கு ஒரு வண்டி, ஆளுக்கு ஒரு வண்டின்னு விட முடியுமா? பின்னால வண்டி வருதுல்லா," என்ற நடத்துநர் என்னிடம் திரும்பினார். "சார் வில்லிபுத்தூர்லதான இறங்குறீய? அங்கனயே நில்லுங்க. அந்த வண்டி ஸ்டாண்டுக்குள்ள வந்துதான் போவும்."

"நீங்களே வாங்கி நிலையத்தில் கொடுத்துவிடுங்களேன்," என்றேன்.

"வேண்டாம் சார். அவிய உங்ககிட்டதான குடுத்தாவ. உங்க மொகந்தான் அவியளுக்குத் தெரியும். என்னை எங்கன தேடுவாவ?"

11.05க்கு இறங்கினேன். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வண்டிகள் உள்ளே நுழையும் இடத்தில் நின்றேன். பச்சை வண்டி என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். 11.15 ஆயிற்று; 11.20 ஆயிற்று. பெட்ரோல் பங்க் அருகே நெரிசல் என்று போனில் சொன்னாள். ஒரு கார் பிடித்து நானே கிருஷ்ணன்கோவில் போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் சான்றிதழ் போனால் போதாது, பெண்ணும் போக வேண்டும். நின்றேன்.

11.27க்குப் பச்சை வண்டி வந்தது. முழுதாக நிற்கும் முன்பே ஜன்னலில் இரண்டு கைகள் நீண்டன. பையைக் கொடுத்தேன். தாய் திறந்து பார்க்கவில்லை. மகள்தான் ஃபைலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். என் எண்ணை அவளிடம் சொல்லி, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடச் சொன்னேன். பிறகு தாயிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை: "யாரென்றே தெரியாத ஆளிடம் இதை எப்படிம்மா கொடுத்தீங்க?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். "ஜன்னல் சீட்டுல நீங்கதான சார் இருந்தீய?" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது.

கோயில் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். நடை சாத்த ஒரு மணி நேரம் இருந்தது. செல்போனை அணைத்துவிட்டு உள்ளே போக மனம் வரவில்லை. கோபுரம் தெரிகிற பால்கோவாக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். நூறு கிராம் 40 ரூபாய், இன்னும் சூடு ஆறாதது. பாதியைத் தின்றுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 12.10க்கு அடித்தது.

"சார், பத்து நிமிஷம் முந்தியே உள்ள போயிட்டோம். எல்லாம் சரி பாத்துட்டாவ. சீட்டு கிடைச்சிட்டு." பின்னாலிருந்து தாயின் குரல். "அம்மா கேக்காவ, உங்களை வெயில்ல நிக்க வச்சுட்டோமே, சாப்டீயளான்னு."

மீதிப் பால்கோவாவின் ருசி அப்போதுதான் தெரிந்தது. மாலை நான்கு மணிக்கு நடை திறந்ததும் நிதானமாகக் கோயிலைச் சுற்றிவிட்டு, 5.30 வண்டியில் ராஜபாளையம் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கோயிலுக்குக் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். பால்கோவாவைச் சூடாக அங்கேயே தின்றுவிடுவது நல்லது. ஊருக்கு வாங்குவதானால் கிளம்பும் நாளில் வாங்குங்கள். பேருந்துக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகப் பை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கொடுத்தவர் ஏறினாரா என்று பார்க்க வேண்டியது பையை வாங்கியவரின் வேலை. அந்த ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.