திருப்பிச் சொன்னவன் வண்டி கழுவணும்

போடியிலிருந்து ஏலக்காய்க் காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஆறு வருஷம் ஓட்டினேன். விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்டாண்டில் பெண்களை ஏற்றி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, எட்டு மணிக்குள் அவர்களைக் காட்டில் இறக்கிவிட வேண்டும். மூன்றரை மணிக்கு அவர்கள் காய் எடுத்து முடித்துத் திரும்பும்வரை டிரைவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. எங்கள் காட்டில் நாலு ஜீப், நாலு டிரைவர். ஒருவர் என் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது இரண்டாயிரத்து எட்டு வாக்கில். காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட மலையாளி சேட்டன் ஒரு பழைய டிவி வைத்திருந்தார். வளைகுடாவில் வேலை பார்த்த அவருடைய தம்பி கூண்டுச் சண்டை டிஸ்க்குகளாக அனுப்பிக்கொண்டே இருந்தான். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை. கையுறை இல்லாமல், எடைக்கணக்கு இல்லாமல் அடித்துக்கொண்ட ஆரம்ப காலத்திலிருந்து அந்த வருஷம்வரை எல்லாமே அதில் இருந்தது. எங்களுக்குப் பெரிய எடைக்காரர்கள் மட்டும் போதும். சின்ன எடைக்காரர்கள் அடித்துக்கொண்டால் சேவல் சண்டை என்று சொல்லி டிஸ்க்கை மாற்றிவிடுவோம்.

அந்த நாட்டுப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்தோம். பழைய காலத்துச் சாம்பியன் ஒருவன் இடது காலைத் தூக்கினால் எதிராளி வேரோடு சாய்வான்; அவன் கோடாலி. புதுக் காலத்துச் சாம்பியன் நூற்றிருபது கிலோ, கழுத்தே கிடையாது, அவன் காளை. மச்சான் கோடாலி கட்சி. நான் காளை கட்சி. இரண்டு பேரும் தங்கள் தங்கள் நல்ல காலத்தில் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார்கள் என்பதுதான் வழக்கு. முந்தியெல்லாம் ஒருவனுக்குக் குத்து மட்டும் தெரியும், இன்னொருவனுக்கு மல்லு மட்டும் தெரியும், அரைகுறைகளை அடித்துப் பட்டம் வாங்கியவன் உங்கள் கோடாலி என்பேன் நான். ஒரே நாளில் மூன்று பேரோடு மோதிய ஆட்களோடு இந்தச் சோற்று மூட்டையைச் சேர்த்துப் பேசாதே என்பார் மச்சான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஒருநாள் டீ கிளாஸை உடைத்தேன்.

சண்டை முற்றிப்போகக் கூடாதென்று சேட்டன் ஒரு சட்டம் போட்டார். ஒருவன் ஒரு பாயிண்டை ஒருநாளில் ஒரு தடவைதான் சொல்லலாம். அதையே திருப்பிச் சொன்னால் அவன் நாலு ஜீப்பையும் ஓடையில் இறக்கிக் கழுவ வேண்டும். காட்டுச் செம்மண் சக்கரத்தில் அப்பினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்பதால் எல்லோரும் நாக்கை அடக்கிப் பேசினோம். மச்சான் அதில் கில்லாடி. தினம் ஒரு புதுப் பாயிண்டோடு வருவார்.

அந்த ஆவணியில் மலையடிவாரத்தில், முந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் அவர் வண்டி எகிறி, மேற்கூரைக் கம்பியில் அவர் தலை இடித்தது. ரத்தம் வரவில்லை. புடைத்த இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு, காளை குத்தினால்கூட நான் விழமாட்டேன் என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அத்தோடு அதை மறந்துவிட்டோம்.

புரட்டாசி பிறந்தபோது எங்கள் ஜீப்புகள் பளபளக்க ஆரம்பித்தன. மச்சான் காலையில் சொன்னதையே பத்தரைக்குச் சொன்னார். தோற்றீர்கள் என்று கை தட்டினோம். மறுப்புச் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் அப்படியே. ஒருநாள் நாலு வண்டியையும் கழுவிவிட்டு ஈரக் காலோடு வந்து உட்கார்ந்து அதே வாக்கியத்தை அதே ராகத்தில் சொன்னார். மறுபடி ஓடைக்கு அனுப்பினோம். தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்ற வண்டிகளை இன்னொரு தடவை கழுவினார். அன்றைக்கு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். வாதத்தில் அவரை ஜெயித்துவிட்டேன் என்ற கிறுக்கு எனக்கு.

அதே சமயத்தில் அக்கா காய் எடுக்க வர ஆரம்பித்தாள். பத்து வருஷமாகக் காட்டுப் பக்கம் வராதவள். கேட்டதற்கு, வீட்டில் சும்மா இருந்து என்ன செய்ய என்றாள். தினமும் மச்சானுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்காருவாள். அவர்கள் வண்டியில் அக்கா தெருப் பெண்கள்தான் வருவார்கள். வழக்கமாகப் பாட்டும் கேலியுமாக மலை ஏறும் அந்த வண்டியில் இப்போதெல்லாம் சத்தமே இல்லை. பின்னால் போகும் எனக்கு அது தெரிந்தது. தெருவுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் புது டிஸ்க் வந்தது. கோடாலியின் கடைசிக் காலச் சண்டைகள். ஒருதரம் தலையில் பலமாக வாங்கியிருந்தான். அதற்குப் பிறகு எவன் தொட்டாலும் விழுந்தான். விழுவதற்கு முன்னால் அவன் கண் எங்கேயோ பார்க்கும், தான் நிற்கும் இடம் தெரியாததுபோல. "இவன் தல கலங்கிப்போச்சு. கூட இருக்கிறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? இன்னமும் இவனக் கூண்டுக்குள்ள விடுறான் பாரு, அவன்தான் கொலகாரன்" என்றேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மச்சான் அங்கே இல்லை, ஓடையில் எங்கள் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் இறங்கும்போது மூடுபனி. முன்னால் போன மச்சானின் வண்டி ஒரு வளைவில், பள்ளத்தைப் பார்த்த மேனிக்கு நின்றது. முன் சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. ஹாரன் அடித்தேன். அசையவில்லை. வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டே இறங்கி ஓடினேன். பின்னால் இருந்த பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்து, "இது எந்தூருக்குப் போற ரோடு?" என்று கேட்டார். அவர் கண் எங்கேயோ பார்த்தது. மத்தியானம் டிவியில் பார்த்த அதே பார்வை.

"நம்ம ரோடுதான். இடதுபக்கம் ஒடிங்க, மெதுவா" என்றாள் அக்கா, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏலே தம்பி, சத்தம் போடாத. சத்தம் போட்டா உங்க மச்சான் பதறிருவாக. ஒரு மாசமா ஒவ்வொரு வளைவுக்கும் நாந்தான் சொல்லிக்கிட்டு வாரேன்."

என் வண்டியை ஓரங்கட்டி, அதில் இருந்தவர்களைப் பின்னால் வந்த ஜீப்பில் ஏற்றிவிட்டு, மச்சானை நகரச் சொல்லி நானே ஓட்டினேன். முந்தல் வந்து சமதரையைத் தொட்டதும் பின்னால் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வேறு வண்டிக்கு மாறினால் ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிடும், பிறகு அவரை யாரும் ஓட்ட விடமாட்டார்கள் என்று அக்கா அவர்கள் காலைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். அதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள். அக்காமேல் எனக்கு வந்த ஆத்திரம் வீடு போய்ச் சேர்வதற்குள் என்மேலேயே திரும்பிவிட்டது.

தேனியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ரத்தம் கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. சொன்னதையே சொல்வது எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். அக்காவுக்கு நாள் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் வண்டிகள் சுத்தமான நாளிலிருந்து. அப்போதே கூட்டி வந்திருக்கலாமே என்றார் அவர்.

மதுரையில் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். மச்சான் பிழைத்தார். பழசெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோடாலி எந்தச் சண்டையில் எத்தனையாவது சுற்றில் யாரைச் சாய்த்தான் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வார். புதிதாகச் சொல்வது எதுவும் தங்காது. தினமும் விடிகாலை ஸ்டாண்டுக்கு வந்து என் முன்னால் கையை நீட்டுவார். என் ஜீப்புக்கு வேறு ஆள் வந்துவிட்டான்; அவருடைய ஜீப்பை இப்போது நான் ஓட்டினேன், சாவி என்னிடம் இருந்தது. "இனிமே நீங்க ஓட்ட வேணாம் மச்சான். தலையில அடிபட்டிருக்கு" என்பேன். தினமும் அதை முதல்முறையாகக் கேட்பார். தினமும் முகம் அப்படியே விழும். பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். ஒரே பேச்சை நான் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. காட்டுக்குப் போனதும் யாரும் சொல்லாமலே நாலு ஜீப்பையும் ஓடையில் இறக்கிக் கழுவுவேன். டிவியை நாங்கள் போடவே இல்லை.

ஏழெட்டு மாசம் கழித்து ஒருநாள் சாவி கேட்டு வந்தார். வழக்கம்போலச் சொன்னேன். அவர் முகம் விழவில்லை. என்னை உற்றுப் பார்த்து, "இதத்தான் நேத்தே சொல்லிட்டியே மாப்ள. போய் வண்டியக் கழுவு" என்றார். சிரித்தார்.

அக்கா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஓடையில் தண்ணீர் குறைவு. ஆனாலும் நாலு வண்டியையும் சந்தோஷமாகக் கழுவினேன்.

மறுநாள் விடிகாலை மச்சான் ஸ்டாண்டுக்கு வந்து, பெண்களுக்கு நேரமாகிறது என்று சொல்லிச் சாவிக்குக் கையை நீட்டினார்.