குருநகரில் ஒரு முடிச்சு

பஸ்ஸைத் தவறவிட்டுக் குருநகர்க் கடற்கரையில் நாடகம் பார்க்கிறேன். மனநோயை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஊர் இளைஞர்கள் போடும் நாடகம். நோயாளியாக நடிப்பவனை வலைக்கயிற்றால் கம்பத்தோடு கட்டுகிறார்கள். சனம் சிரிக்கிறது, நானும்தான். பனையோலை மீன்கடகத்தோடு நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் அவனிடம் போகிறாள்.

“உப்பிடிக் கட்டக்கூடாது, தம்பி. முதல் துணி சுத்தோணும். இல்லாட்டில் கயிறு கையை அறுத்துப்போடும்.”

சிரிப்பு அடங்கிவிடுகிறது. அவன் வசனத்தை விட்டுவிட்டு மெல்லக் கேட்கிறான்.

“வீட்டிலை ஆரைக் கட்டியிருக்கிறியள், அம்மா?”

“என்ரை மூத்தவனை.”

“என்னை அவிழ்த்துவிடுங்கோ. நாடகம் கிடக்கட்டும். உங்கடை வீட்டை போவம்.”

அவள் கடகத்தை இறக்கிவைத்துவிட்டு முடிச்சில் கைவைக்கிறாள். அவன் அவசரப்படாமல் கட்டுண்ட கையை அவள் பக்கம் திருப்பியபடி நிற்கிறான்.