ஜாக்கிக்கே போகும் கை

சீட்டுக்கட்டைத் தொடுவதற்கு முன்னால் ஜெக்கரியா உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பார்ப்பார். அதிரவில்லை என்று தெரிந்த பிறகுதான் கலைப்பார். குடவாசலில், மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த வீட்டில் சிமெண்டுத் தரை ஏன் அதிரப்போகிறது? ஆனால் சுற்றுலாக் கப்பலின் கீழ்த்தட்டில், என்ஜின் அதிர்வு ஓயாத தரையில் நின்று ஒன்பது மாதம் எச்சில் தட்டு கழுவியவர் அவர். அங்கே ஜன்னல் கிடையாது. இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் உரசிக்கொண்டே இருக்கும்.

“காதுக்கு நேரா தண்ணி, லின்சி. ஓட்ட விழுந்தா மொதல்ல நாங்கதான்” என்று மனைவியிடம் சொல்லும்போது, சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொள்வார்.

இப்போது மேல்தட்டுச் சூதாட்டக் கூடத்தில் சீட்டுப் போட ஆள் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை வீடியோவில் தேர்வு. தேறினால் மேலே, தவறினால் பழையபடி கீழே. அதனால் போக்கர் கற்கிறார். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. அந்த ஏழில் யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ, நடுவில் குவிந்த பந்தயக் காசு அவருக்கு. ஐந்தும் ஒரே இனமாக, ஆட்டினாகவே வந்தால் எவ்வளவு பெரிது, ஜோடி வந்தால் எவ்வளவு என்பதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்து, சாப்பிடும்போதுகூட முணுமுணுக்கிறார்.

லின்சியும் பக்கத்து வீட்டுப் பஞ்சநதமும்தான் ஆட்டக்காரர்கள். காசுக்குப் பதில் புளியங்கொட்டை. சனிக்கிழமை மத்தியானம் லின்சிக்கு இரண்டு ராஜா, பஞ்சநதத்துக்கு இரண்டு ஜாக்கி. நடுச்சீட்டு யாருக்கும் உதவவில்லை. ஜெக்கரியா கொட்டைகளைப் பஞ்சநதத்தின் பக்கம் தள்ளினார்.

“என்னங்க, ராஜாதான பெருசு?”

“ஊர்ல இருவத்தெட்டுச் சீட்டாட்டம் ஆடுன கை அது, தங்கச்சி. அதுல ஜாக்கிக்கு மேல ஆளு ஏது?” என்று பஞ்சநதம் கொட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டார். “வந்தத நான் திருப்பித் தரமாட்டேன்.”

ஜெக்கரியா சீட்டுகளைச் சேர்த்துக் கலைத்தார். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. மறுபடி போட்டார், கை ஜாக்கிக்கே போனது. இடது கையால் தள்ளிப் பார்த்தார். சரியாக வந்தது.

“பீச்சாங்கையால குடுத்தா எவன் வாங்குவான்? சோத்துக் கையால தள்ளுங்க” என்றாள் லின்சி.

திங்கட்கிழமை காலை, அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் ஒரு பெண்மணி தோன்றினாள். அவள் சொன்ன சீட்டுகளை ஜெக்கரியா பிரித்துப் போட்டார். ஒரு பக்கம் ராணி ஜோடி, மறுபக்கம் ஜாக்கி ஜோடி. ஜெயித்தவர் பக்கம் தள்ளச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து வயலில் யாரோ டீசல் என்ஜினை ஓடவிட்டார்கள். தரை லேசாக அதிர்ந்தது.

ஜெக்கரியாவின் வலது உள்ளங்கை தானாகத் தரைக்குப் போனது. அதன் மேலேயே தொடையை அழுத்தி உட்கார்ந்துகொண்டார். பிறகு, லின்சியைப் பார்க்காமல், இடது கையால் கொட்டைகளை ராணிகளின் பக்கம் தள்ளினார்.