அம்மா அறுத்த கல்

எங்கள் வீட்டு ஹாலின் சிமெண்ட் தரைக்கு அடியில் அம்மா அறுத்த செங்கற்கள் ஜல்லியாகக் கிடக்கின்றன. பதினோரு வருஷம் சேர்த்தவை. உடைத்தது அம்மா. உடைக்கும்படி ஆனது என்னால். வீட்டுக்கு வெளியே இதை யாரிடமும் சொன்னதில்லை.

செங்கல் செய்வதை எங்கள் பக்கத்தில் கல் அறுப்பது என்போம். நிலக்கரி மைன்ஸின் டவுன்ஷிப் எல்லை முடிந்து முந்திரித் தோப்பைத் தாண்டினால் எங்கள் ஊர். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற மண்ணை வாரி மறுபடி மேலே போடுகிற வேலை. அம்மா தையிலிருந்து ஆடி வரைக்கும் சூளையில் இருப்பார். மண்ணை மிதித்து, உருட்டி, அச்சுக்குள் ஓங்கி அடித்து, மேலே மீந்ததைக் கையால் வழித்துவிட்டு, கவிழ்த்து எடுக்க வேண்டும். அச்சின் அடிப்பலகையில் ஒரு கட்டை புடைப்பாக இருக்கும், அதன்மேல் முதலாளி பேரின் இரண்டு எழுத்து. அது கல்லில் ஒரு குழியாக விழும், குழிக்குள் எழுத்து. அம்மாவுக்குக் கொடுத்த அச்சில் அந்தப் பலகையின் ஆணி ஆடிப்போய் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே விழும். லட்சம் கல்லுக்கு நடுவில் அம்மா அறுத்ததை நான்கூடக் காட்டிவிடுவேன்.

சூளையில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டு ஆறிய சூளையைப் பிரிக்கும்போது, கல் அறுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தலைச்சுமை கல் எடுத்துக்கொள்ள உரிமை. மற்றவர்கள் கைக்குக் கிடைத்ததை அடுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அம்மா மட்டும் சாய்ந்த எழுத்தாகப் பொறுக்குவார். அதிலும் ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்.

"ன்னா, பொண்ணுக்கு மாப்ள பாக்குற மாரி பாத்துகினே நிக்கிற? வெயிலு ஏறுது வா" என்று கூட வேலை செய்கிற பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

"மாப்ள சரியில்லன்னா தீத்துவிட்டுடலாம். செவுத்துல வச்ச கல்ல என்னா பண்ணுவ?" என்பார் அம்மா.

அவருடைய ஆசை பெரிய ஆசை இல்லை. முழு வீட்டுக்கும் கல் சேராது என்று அவருக்குத் தெரியும். என்றைக்காவது வீடு கட்டினால் அதன் முன்சுவர் மட்டும் தான் அறுத்த கல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரில் பாதி வீட்டுச் சுவர் அவர் கையால் போனது. டவுன்ஷிப் கடைத்தெருவிலேயே இன்ன சுவர் எங்கள் சூளைக் கல் என்று காட்டுவார். நாங்கள் இருந்தது மண் சுவர். கற்களை வீட்டுக்குப் பின்னால் அடுக்கி, யாரோ கிழித்துப் போட்ட கல்யாண வாழ்த்து பேனரால் மூடி வைத்திருந்தார். மழையில் சாயம் போய் மாப்பிள்ளைக்கு முகமே இல்லாமல் போயிருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, கட்டடப் பொருள்களைச் சோதிக்கிற ஒரு சின்ன லேபில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். மெயின் ரோட்டில் தகரக் கூரை போட்ட இடம். உள்ளே கல்லை நசுக்கிப் பார்க்கிற மெஷின் ஒன்று. அழுத்தம் ஏற ஏறச் சிவப்பு எண்கள் ஓடும், கல் விட்டுக்கொடுக்கிற இடத்தில் நின்றுவிடும். அந்த எண் நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். எங்கள் ஊரில் எல்லாவற்றையும் யாராவது ஒருத்தர் சொன்னார் என்றுதான் சொல்வார்கள். இங்கே ஒரு பொருள் தன்னைப் பற்றித் தானே சொல்கிறது என்று நினைத்தேன். வந்த கற்கள் எல்லாம் சாம்பல் கற்கள். தெர்மல் மின்நிலையச் சாம்பலையும் சிமெண்டையும் கலந்து மெஷினில் அழுத்தியவை. ஆறு பக்கமும் கண்ணாடி போல் மட்டம். நீரில் ஊறவைத்து, துடைத்து, ஒட்டுப்பலகைத் துண்டு இரண்டுக்கு நடுவில் வைத்து அழுத்த வேண்டியதுதான். ஐந்து மாதத்தில் எத்தனை நசுக்கியிருப்பேன் என்று தெரியாது.

அந்த வருஷம்தான் அரசாங்கத்தின் வீடு கட்டும் திட்டத்தில் எங்கள் பேர் வந்தது. சாம்பல் கல் என்று முடிவானது. கொத்தனார் பின்பக்கம் வந்து பேனரை விலக்கிப் பார்த்தார்.

"முன்செவுத்துக்கு இதயே வச்சிடலாமே தம்பி. தட்டிப் பாரு, கணீர்ங்குது."

"சத்தத்த வச்சிலாம் சொல்ல முடியாதுண்ணா. டெஸ்ட் பண்ணிடுறன்."

"தோ, இஞ்சினியரு பொறந்துட்டாரு" என்று சிரித்தார் கொத்தனார். அம்மாவும் சிரித்தார். ஆனால் அவர் சிரித்தது பெருமையில்.

எனக்கு அம்மாவின் கல்மேல் சந்தேகம் இருந்ததில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். லேபின் பேர் போட்ட தாளில், இந்தக் கல் இவ்வளவு தாங்கும் என்று அச்சடித்து வாங்கிக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுக்க ஆசைப்பட்டேன். எனக்கு எத்தனை மார்க் ஷீட் வந்திருக்கிறது. அவருக்கு ஒரு தாளும் வந்ததில்லை.

ஐந்து கல் கேட்டேன். அம்மா அரை நாள் தேடி ஐந்து எடுத்தார். தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவி, பழைய புடவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். பரீட்சைக்குப் போகும்போது என்னை அனுப்புகிற மாதிரியே வாசல் வரைக்கும் வந்தார்.

லேபில் எனக்கு மேலே ஒரு சார் இருந்தார். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்து பெர்மனென்ட் ஆனவர். சார் பிறந்து வளர்ந்தது எல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். சோதித்தது ஞாயிற்றுக்கிழமை, அவர் இல்லை. சாவி என்னிடம் இருந்தது. முந்தின நாளே ஊறப்போட்டிருந்த கல்லை எடுத்துத் துடைத்து, எழுத்துக் குழி மேலே தெரிய, ஒட்டுப்பலகைக்கு நடுவில் வைத்தேன். சாம்பல் கல்லுக்குச் செய்வது போலவே.

முதல் கல் வெகு சீக்கிரம் வெடித்தது. மெஷினில்தான் ஏதோ என்று நினைத்து அணைத்துப் போட்டேன். இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது கல்லுக்கு முன்னால் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அதுவும் புத்தகத்தில் இருக்கிற அளவைத் தொடவில்லை.

மாலை அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ன்னா சொல்லுச்சி?"

"தேறலம்மா."

"அஞ்சுமா?"

"அஞ்சும்."

"வேக்காடு பத்தலியோ" என்றார் தனக்குள். பிறகு, "ரெண்டு ரெண்டா தட்டித்தான எடுத்தன்" என்றார். அதை என்னிடம் கேட்டாரா, சொன்னாரா, தெரியவில்லை. நான் சோதனையைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். ஊறவைப்பது, அழுத்தம், சராசரி. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் படிப்பு வந்துவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கு அதுதான் வினையாகப் போனது.

அப்பா மட்டும், "எந்தக் கல்லா இருந்தா என்னா, மழ ஒழுவாம இருந்தா சரி" என்றார்.

முன்சுவரும் சாம்பல் கல்லாகவே எழும்பியது. ஹாலுக்குத் தரை போடச் செங்கல் ஜல்லி வேண்டும் என்றார் கொத்தனார். அம்மாவின் அடுக்கின் பக்கம் அவர் பார்க்கவில்லை. அம்மாதான் பார்த்தார். "அத ஒடச்சிடலாம்" என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்து உடைத்தார். துண்டு சிதறாமலிருக்க சைக்கிள் டயரை வளையமாகக் கட்டி, அதற்குள் கல்லை வைத்துச் சுத்தியால் அடிப்பார். நான் பக்கத்தில் போனேன்.

"நானும் ஒடைக்கிறன்மா."

"எழுதுற கையி. எழுந்து போ."

முதல் நாள் ஒவ்வொரு கல்லையும் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் வளையத்துக்குள் வைத்தார். மூன்றாம் நாள் பார்க்கவில்லை. சுலபமாக உடையவில்லை என்பதை நான் கவனித்தேன். ஒரு கல்லுக்கு நாலைந்து அடி விழுந்தது. கவனித்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எண் நின்ற இடத்தைக் கண்ணால் பார்த்திருந்தேன் இல்லையா.

அடுத்த தையில் அம்மா சூளைக்குப் போகவில்லை. டவுன்ஷிப்பில் இரண்டு குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். இடுப்பு வலி என்றார். இடுப்பு வலி இருந்தது உண்மைதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஏரி மதகு ஒன்றைப் பழுது பார்த்த கான்ட்ராக்டர், அதிலிருந்து பெயர்ந்த ஒரு பழைய கல்லைக் கொண்டுவந்தார். பழைய சுவரை இடிப்பதா, விட்டுவிட்டுப் பூசுவதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். இன்றைய கல் இரண்டைச் சேர்த்து வைத்த அகலம். ராஜா காலத்துக் கல் என்றார். எந்த ராஜா என்று அவருக்கும் தெரியவில்லை. மேல்முகத்தில் மூன்று விரல் சேர்த்து இழுத்த பள்ளம், நீளமாக. மண் ஈரமாக இருந்தபோது யாரோ இழுத்தது.

நான் ஊறவைத்துத் துடைத்து நேரே மெஷினுக்குக் கொண்டுபோனேன். சார் பார்த்துவிட்டார்.

"ஏல, எங்க கொண்டு போற? பள்ளத்த அடைக்க வேண்டாமா?"

"அடைக்கணுமா சார்?"

"பின்ன? மேல மட்டமா இல்லன்னா பாரம் விளிம்புல மட்டுந்தான உக்காரும். பாதிக் கல்லு சும்மாதான் இருக்கும், விளிம்பு வெடிச்சுரும். சிமெண்டும் மணலும் குழைச்சு அடைச்சு, ஈரச் சாக்குல போட்டு வச்சுட்டு அப்புறம் ஏத்து. நாட்டுக் கல்லு நீ இதுவரைக்கும் செஞ்சதே இல்லியோ?"

"இல்ல சார்" என்றேன்.

குழைத்தேன். என் கையாலேயே பள்ளத்தை நிரப்பி, கரண்டியால் வழித்து மட்டம் செய்தேன். ஈரச் சாக்கு போட்டு மூடினேன். பிறகு லேபுக்குப் பின்னால் போய், உடைந்த சாம்பல் கற்களைக் கொட்டி வைத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்தேன். எழுத்துக் குழி. அம்மாவின் ஐந்து கல்லிலும் அந்தக் குழியை அப்படியே வெறுமையாக விட்டுத்தான் அழுத்தினேன். குழி இல்லாத கல்லிலேயே வேலை பழகியவன் நான்.

காய்கிறவரை காத்திருந்த நாள்களில் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பழைய கல் மெஷினில் ஏறியபோது சிவப்பு எண் நிற்கிற வழியாக இல்லை. நாங்கள் சோதித்த எதுவும் போகாத இடத்துக்குப் போய், பிறகுதான் விட்டது. சார் விசில் அடித்தார். "எந்த மண்ணு, எவ்வளவு நாள் புளிக்க வச்சான், எத எரிச்சான், ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்ல" என்றார். ரிப்போர்ட்டில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. எண்ணை மட்டும் எழுதினோம்.

மெஷின்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் எப்படி வைத்தேனோ அதற்குத்தான் அது பதில் சொன்னது. சாம்பல் கல்லும் நல்ல கல்தான். அதற்காக யாரும் விடியுமுன் எழுந்து மண் மிதிக்க வேண்டாம், வயலைத் தோண்ட வேண்டாம். அம்மா மாதிரி முப்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டாம். இதையெல்லாம் நான் மனதாரச் சொல்வேன். ஆனால் கல்லைத் தட்டிப் பார்த்து அதன் வேக்காட்டைக் கண்ட ஒருத்தர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர் தன் காதை நம்புவதை விட்டுவிட்டார். மதகுக் கல்லை அறுத்தவருக்கும் இப்படித்தான் ஏதாவது நடந்திருக்குமா என்று யோசிப்பேன். அவர் பிள்ளையும் படித்து வந்து ஏதாவது சொல்லியிருப்பானோ என்னவோ.

அம்மாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்த டெஸ்ட்ட நான் தப்பா பண்ணிட்டன். குழிய சிமெண்ட் வச்சி அடைக்கணுமாம். அடைக்காம வச்சிட்டன். கல்லு நல்ல கல்லுதாம்மா."

கீரையை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"ஒடைக்கிறப்பதான். அப்பவே கையி சொல்லுச்சி."

"அப்பறம் ஏம்மா ஒடைச்ச? சொல்லியிருக்கலாம்ல?"

"நீ தேறலன்னு சொல்லிட்டியே." காம்பைக் கிள்ளி ஓரமாகப் போட்டார். "மெசினு சொன்னதுக்கா நான் ஒடைச்சன்? நீ படிச்சிட்டு வந்து சொன்ன. அது பொய்யின்னா நான் எதுக்கு அத்தினி வருசம் மண்ணு மிதிச்சன்?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். கீழே தரை வழவழவென்று, சிவப்பு சாயம் போட்டு, மெழுகு தேய்த்து இருந்தது.

பேச்சை மாற்ற நினைத்து, மதகிலிருந்து வந்த கல்லைப் பற்றிச் சொன்னேன். அதன் அகலத்தைக் கையால் காட்டினேன். மூன்று விரல் பள்ளத்தைச் சொன்னதும் அம்மா முதல்முறையாக நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ வந்தது, சூளையில் கல் பொறுக்கும்போது வருவது போல.

"வெரலாலியா இழுத்திருந்திச்சி? சாந்து புடிக்கிறதுக்கு அப்டி இழுப்பாங்களாம், எங்கம்மா சொல்லும்." தன் வலது கை விரல் மூன்றைச் சேர்த்து ஹால் தரையில் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "பொம்பள வெரலா, ஆம்பள வெரலா?"

"தெரியலம்மா."

"பாத்தாலே தெரியுமேடா. எங்க அழுத்தி, எங்க விட்டிருக்குன்னு பாத்தா தெரிஞ்சிடும். கொண்டாந்து காட்டேன்."

நசுக்கிவிட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "நான் பாக்கலம்மா, சிமெண்ட்ட வச்சி மூடிட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

"சரி" என்றார் அம்மா. விரலில் ஒட்டியிருந்த கீரையைத் தட்டிவிட்டு, மிச்சத்தை உருவ ஆரம்பித்தார்.