மூச்சு விடுற இடத்தில் கமா

நேற்று மகளின் ஆங்கில ரிவிஷன் தாளைக் கையில் வாங்கியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தாள் என்ன பாவம் செய்தது, வழவழவென்று அச்சடித்த நல்ல தாள்தான். மெட்டஃபர், சிமிலி, கதையில் வரும் கான்ஃப்ளிக்ட், கமாவை எங்கே போடுவது. எனக்கு மட்டும் அதிலிருந்து அழுகின முட்டை நாற்றம் அடித்தது.

திருவொற்றியூரில் நான் படித்த பள்ளிக்கு அந்த நாற்றம்தான் தினசரி வரும் விருந்தாளி. தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வகுப்பே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். "மூச்சு விடுற இடத்துல கமா போடு" என்பது எங்கள் இங்கிலீஷ் மிஸ் சொல்லித்தந்த ஒரே விதி. நாங்களோ மூச்சை அடக்கிக்கொண்டு எழுதுகிறவர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கமாகூட விழாது. இப்போது உங்களிடம் வேடிக்கையாகச் சொல்கிறேன். அன்று விட்டுப்போன கமாவுக்கு ஒன்று என்று கையில் ஸ்கேல் அடி விழுந்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய ரிவிஷனில் கான்ஃப்ளிக்ட் வந்தது, மோதலின் வகைகள். மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனிதனுக்கும் அவன் மனசுக்கும். மிஸ் கேட்டார்: மீனவன் கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறான், இது எந்த வகை? நோட்ஸில் இருந்ததை ஒப்பித்தேன். "இயற்கை, மிஸ்." குட் வாங்கினேன்.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா எழுந்தாள். குப்பத்துப் பெண், என் ஒரே தோழி. அந்த வாரம்தான் அவள் அப்பாவின் வலை எண்ணெய்ப் பிசுக்கோடு கரைக்கு வந்திருந்தது.

"இல்ல மிஸ். இது மன்சனுக்கும் மன்சனுக்கும். எங்க நைனா வலை ஃபுல்லா எண்ணெயா கீது. கடலு இன்னா பண்ணுச்சு? ஊத்துனவன் மன்சன் தான?"

அந்த வகுப்பிலேயே பாடம் புரிந்தவள் அவள் ஒருத்திதான். மிஸ் காதில் விழுந்தது வேறு.

"'கீது'வா? இந்தக் கலீஜ் பாஷைய வச்சிக்கிட்டு நீ இங்கிலீஷ் படிக்கப் போறியா? 'இருக்கிறது'ன்னு பத்து தடவை சொல்லு."

சொன்னாள். நான்காவதிலேயே குரல் உடைந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான். அன்று காலை "இட்லி கீது, துண்ணுட்டுப் போ" என்று சொல்லித்தான் என் அம்மா என்னை அனுப்பியிருந்தாள். அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். த்தூ, என்ன பிறவி நான்.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா ஆங்கில வகுப்பில் வாயே திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். பொதுத்தேர்வும் முடிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

போன மாதம் மெட்ரோ நிலைய வாசலில் அவளைப் பார்த்தேன். "இன்னாமே, கண்ணு தெர்லயா?" என்று முதுகில் ஒன்று வைப்பாள் என்று நின்றேன். பழைய நாட்களில் அறையாமல் பேச்சைத் தொடங்க மாட்டாள். அவள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "நல்லா இருக்கீங்களா? பொண்ணு என்ன படிக்கிறாங்க?" என்றாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

நானாவது "இன்னாமே" என்று தொடங்கியிருந்தால் பாக்கி வைத்த மன்னிப்பையும் கேட்டிருப்பேன். வாயைத் திறந்தேன்.

"நல்லா இருக்கேங்க" என்றுதான் வந்தது.